விருப்ப ஓய்வு

புதுதில்லி
6 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

இலக்கியா எழுதுகிறேன். இங்கே நான் நலம். அண்ணனுக்கு இடுப்புவலி குறைந்ததா? கைப்பேசியில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் வைத்துவிடுகிறேன் என்று கோபித்துக்கொண்டீர்கள். "முழுசா சொல்லணும்னா எழுது, நானும் எழுதறேன்" என்றீர்கள். இதோ எழுதிவிட்டேன்.

பொட்டலத்தில் நூறு படிவங்கள் இருக்கின்றன. மழை மாதங்களில் உப்பளப் பெண்களுக்குத் தனியாக ஓர் உதவித்தொகை கொடுக்கலாமா என்று அரசின் ஆலோசனைக் குழு ஒன்று எங்கள் ஆய்வு நிறுவனத்திடம் கேட்டிருக்கிறது. அதற்குக் கணக்கெடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். உப்புப் பாத்தியில் பதினைந்து வருடம் வேலை செய்தவர், பத்தாம் வகுப்பு படித்தவர், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று உங்களைச் சொல்லிவிட்டேன்.

கேள்வி இரண்டுதான். கடந்த ஏழு நாட்களில் கூலி வேலை செய்தீர்களா? இல்லை என்றால், வேலை தேடினீர்களா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால் 'வேலையை நாடாதவர்' என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். அவ்வளவுதான்.

மழை பிடித்துக்கொள்ளும் முன் தொடங்கிவிடுங்கள். அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
இலக்கியா


மரக்காணம்
27 அக்டோபர் 2024

அன்புள்ள இலக்கியாவுக்கு,

உன் அண்ணனும் நானும் சுகம். இடுப்புக்கு எண்ணெய் தேய்த்து இப்போது எழுந்து நடமாடுகிறார். உனக்குத் தில்லித் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா?

மழை முந்திக்கொண்டது. பத்து நாளாகப் பாத்தியும் வரப்பும் ஒன்றாகிக் கிடக்கின்றன. ஐம்பது வீடு முடித்து அனுப்பியிருக்கிறேன். டிக் போட்டிருக்கிறேன், ஆனால் அது போதவில்லை. அதனால் ஒவ்வொருவரும் சொன்னதை ஓரத்தில் எழுதியிருக்கிறேன். நீ படித்தாக வேண்டும்.

சின்னப்பாப்பாவை உனக்குத் தெரியும், நமக்கு மூன்றாவது வீடு. "வேலை தேடினீங்களா" என்று கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏண்டி கொளஞ்சி, பாத்தி பூரா தண்ணி நிக்குது. எங்க போயி தேடுறது? முங்கித் தேடணுமா?" என்றார். படிவப்படி அவர் 'வேலையை நாடாதவர்'. முப்பத்தைந்து வருடம் உப்பு வாரிய பெண்பிள்ளை.

மேஸ்திரி கூப்பிட்டால் வேலை. கூப்பிடாவிட்டால் இல்லை. இங்கே யாரும் தேடிப் போய் வேலை வாங்கியதில்லை. இந்தக் கேள்வியை எழுதியவர் அதைத் தெரிந்துகொண்டு எழுதினாரா? கேட்டுச் சொல்.

அன்புடன்
அண்ணி


புதுதில்லி
4 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதமும் படிவங்களும் வந்தன. உங்கள் உழைப்பைப் பார்த்து எங்கள் குழுத் தலைவரே பாராட்டினார். எனக்கு இருமல் மட்டும், மற்றபடி நலம்.

ஆனால் ஓரத்தில் எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். அதைக் கணினியில் ஏற்ற முடியாது. உலகம் முழுவதும் இதே கேள்விதான் கேட்கிறார்கள். அப்போதுதான் ஓர் ஊரை இன்னோர் ஊரோடு ஒப்பிட முடியும்.

பொருளியலில் இதற்கு ஒரு அடிப்படை இருக்கிறது, அண்ணி. நடப்புக் கூலிக்கு வேலை செய்ய விரும்புகிறவர் வேலையைத் தேடுவார். தேடாதவர் ஓய்வைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று கொள்கிறோம். அவரைக் குறை சொல்வதில்லை. தேர்வு என்று மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

மீதியை இந்த மாதத்துக்குள் அனுப்பினால் உதவியாக இருக்கும். ஜனவரியில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சு வரும். அதற்குள் இந்த வேலை முடிய வேண்டும்.

உங்கள்
இலக்கியா


மரக்காணம்
16 நவம்பர் 2024

அன்புள்ள இலக்கியாவுக்கு,

இருமலுக்குச் சுக்கும் மிளகும் பொடித்து வைத்திருக்கிறேன், குடி. இங்கே எல்லோரும் நலம்.

மீதி நாற்பத்தேழு படிவங்களும் இதில் இருக்கின்றன. நீ சொன்னபடி ஓரம் வெறுமையாக இருக்கிறது. மொத்தம் தொண்ணூற்றேழு பெண்கள். எண்பத்தெட்டுப் பேர் 'வேலையை நாடாதவர்'. கூட்டிப் பார்த்துக்கொள்.

படிவத்தில் எழுதக் கூடாது என்றாய், கடிதத்தில் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. நீங்கள் சொல்லும் ஓய்வு எப்படி இருக்கும் என்று ஒருநாள், என்னோடு பாத்தியில் வேலை செய்யும் சவரியம்மாளோடு போய்ப் பார்த்தேன். விடிவதற்குள் இறால் கம்பெனி வாசலுக்குப் போனாள். லோடு வந்தால் தலை கிள்ள ஆள் எடுப்பார்கள். மூன்று மணி நேரம் நனைந்துகொண்டு நின்றாள். லோடு வரவில்லை. திரும்பி வரும்போது சவுக்குத் தோப்பில் அடுப்புக்கு மிலாறுக் குச்சி பொறுக்கிக் கட்டிக்கொண்டாள். மத்தியானம் பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். சாயங்காலம் படிவத்தை எடுத்து, "வேலை தேடினியா" என்றேன். "தேடல, நின்னேன்" என்றாள்.

நின்றது தேடியதில் சேருமா, சேராதா? எனக்குத் தெரியாததால் அவள் சொன்னபடியே டிக் போட்டுவிட்டேன். நீ இந்த ஊரில் பிறந்தவள். உனக்குத் தெரியும்.

அன்புடன்
அண்ணி


மரக்காணம்
29 டிசம்பர் 2024

அன்புள்ள இலக்கியாவுக்கு,

புயலுக்கு அப்புறம் இரண்டு தடவை பேசினாய், வீடு பத்திரமா என்று கேட்டாய். பத்திரம்தான். தகரம் மூன்று பறந்தது, உன் அண்ணன் மாட்டிவிட்டார். நவம்பரில் எழுதிய கடிதத்துக்கு உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. சரி.

வியாழக்கிழமை இங்கே கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். உப்பளத்தைக் குத்தகை எடுத்தவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம், நடுவில் சென்னையிலிருந்து வந்த அதிகாரி ஒருவர். பெண்களுக்கு மழைக்கால உதவி என்ன ஆயிற்று என்று சவரியம்மாள்தான் எழுந்து கேட்டாள். அவர் ஒரு அறிக்கையைப் பிரித்துப் படித்தார். இந்தப் பக்கத்துப் பெண்களில் பத்துக்கு ஒன்பது பேர் மழை மாதங்களில் வேலையை நாடுவதில்லை. இது விருப்ப ஓய்வு. உதவித்தொகை கொடுத்தால் இந்தப் போக்கு வளரும். ஆகவே பரிந்துரைக்கவில்லை.

பிறகு குத்தகைக்காரர்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு. பேங்கில் வேலை செய்கிறவர்கள் வாங்குவார்களே, அந்த விருப்ப ஓய்வா என்று உன் அண்ணன் என் காதில் கேட்டார்.

எங்கள் பக்கத்துக்கு ஒரு பிரதி கொடுத்தார்கள். என்னிடம்தான் கொடுத்தார்கள். தயாரித்தவர்களின் பெயர்கள் கடைசிப் பக்கத்தில் இருந்தன. அந்தப் பக்கத்தை மட்டும் பிரித்து மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். மற்றதைச் சுற்றுக்கு விட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி


மரக்காணம்
13 ஜனவரி 2025

அன்புள்ள இலக்கியாவுக்கு,

உன் பதில் வரவில்லை. வேலை இருக்கும். இங்கே போகிப் புகையில் உன் அண்ணனுக்குத்தான் கொஞ்சம் இழுப்பு, மற்றவர்கள் நலம்.

போன வாரம் நடந்ததை எழுதுகிறேன். புயலில் கழுவெளி ஏரிப் பக்கமிருந்து வரும் வாய்க்கால் மண் அடித்து மூடிவிட்டது. அதைத் தூர்வாரக் கண்ணாயிரம் காண்ட்ராக்ட் எடுத்திருக்கிறார். ஆறு நாள் வேலை, இருபது ஆள் போதும் என்றார். ஆளை நான் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீடு வீடாகப் போனேன். உன் படிவம் கொண்டு போன அதே தொண்ணூற்றேழு வீட்டுக்கும்.

யாரையும் ஏமாற்றவில்லை. "இருபது பேருக்குத்தான் வேலை. காலையில அஞ்சு மணிக்கு வாய்க்கால் மதகுகிட்ட வரணும். வந்தா கெடைக்கும்னு சொல்ல மாட்டேன்" என்றேன். ஒரே ஒரு கேள்வியைத்தான் மாற்றினேன். தேடினாயா என்று கேட்கவில்லை. வேலை இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டேன்.

எனக்கே உள்ளூரப் பயம்தான். பத்துப் பேர் வந்து நின்றால் அந்த அறிக்கை உண்மையாகிவிடும் அல்லவா? நாலரைக்கே போய்விட்டேன். தூறல். முதலில் சின்னப்பாப்பா தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மண்வெட்டியோடு வந்தார். அப்புறம் வரப்பு முழுக்க ஆள். ஐந்தேகாலுக்கு எண்ணினேன். நீங்கள் 'வேலையை நாடாதவர்' என்று எழுதிய எண்பத்தெட்டில் எண்பத்தொரு பேர் நின்றார்கள். வராத ஏழு பேரையும் விசாரித்துவிட்டேன். இரண்டு பேருக்குக் காய்ச்சல், ஒருத்திக்குப் பிரசவம், நான்கு பேர் ஊரில் இல்லை.

கண்ணாயிரம் கூட்டத்தைப் பார்த்ததும் ஒரு கணக்குப் போட்டார். "இவ்ளோ பேரு வந்துட்டீங்க. கூலிய கொஞ்சம் கொறைச்சுக்கலாமா? கொறைச்சுக்கிறவங்க மட்டும் எறங்குங்க" என்றார். ஆள் மிகுந்தால் கூலி இறங்கும் என்று உங்கள் புத்தகத்திலும் இருக்கிறதாமே, நீ பரீட்சைக்குச் சத்தமாகப் படித்தது எனக்கு நினைவிருக்கிறது. எண்பத்தொரு பேரும் வேலை இல்லாதவர்கள். புத்தகப்படி யாராவது ஒருத்தி இறங்கியிருக்க வேண்டும்.

சின்னப்பாப்பா மண்வெட்டியை வரப்பில் ஊன்றினார். "கொறைச்சா ஒருத்தியும் எறங்க மாட்டோம். நீயே எறங்கி வாரிக்கோ" என்றார். அவருக்குப் பின்னால் ஒருத்தியும் அசையவில்லை. கால் மணி நேரம் எல்லோரும் அப்படியே நின்றோம். கண்ணாயிரம் கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், சரி என்றார்.

பிறகு நாங்களே முறை வைத்துக்கொண்டோம். நாளுக்கு இருபது பேர், பாதி நாளுக்குப் பாதி ஆள் மாறிக்கொள்வது. ஆறு நாளில் எல்லோரும் இறங்கிவிட்டோம். வந்த எண்பத்தொரு பேரின் கையெழுத்தும் கைநாட்டும், எடுத்த புகைப்படமும் இதோடு வைத்திருக்கிறேன்.

இதை எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

பொங்கல் வாழ்த்து.

அண்ணி


புதுதில்லி
26 ஜனவரி 2025

அண்ணி,

நலம் கேட்டு எழுதும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. அண்ணனுக்கு இழுப்பு நின்றதா என்று மட்டும் சொல்லுங்கள்.

மேலே இருப்பவர்கள் எழுதியிருப்பார்கள், என் பெயர் சும்மா சேர்ந்திருக்கும் என்று நீங்கள் எனக்காக நினைத்திருக்கலாம். அப்படி இல்லை. 'விருப்ப ஓய்வு' என்ற சொல்லை எழுதியது நான். சவரியம்மாள் அக்கா "நின்னேன்" என்று சொன்னதைப் படித்த பிறகுதான் எழுதினேன். படித்துவிட்டுக் கடிதத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். தலைவர் அந்த வாக்கியத்தைப் படித்து, தெளிவாக இருக்கிறது என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் நடந்தது.

இத்தனை வருடம் படித்ததில் வேலை இல்லாதவர் ஒருவரைக்கூட நான் கற்பனை செய்து பார்த்ததில்லை, அண்ணி. வேலையும் ஆளும் ஒரு சந்தையில் சந்தித்துக்கொள்ளும் என்று கோடு போட்டுக் காட்டினார்கள். அந்தச் சந்தை எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. நம் ஊரில் அது இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோட்டை நம்பினேன்.

இரண்டு காரியம் செய்திருக்கிறேன். படிவத்தின் ஓரத்தில் நீங்கள் எழுதிய ஐம்பதையும், கடிதத்தில் எழுதியதையும், மதகில் நின்ற எண்பத்தொரு பேரையும் சேர்த்து ஒரு திருத்தக் குறிப்பு எழுதித் தலைவரிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. ஆகவே என் பெயரிலேயே ஆலோசனைக் குழுவுக்கு நேராக அனுப்பிவிட்டேன்.

நீங்கள் பையில் வைத்திருக்கும் பக்கத்தை ஊர்ப் பெண்களிடம் காட்டுங்கள். மறைக்க வேண்டாம்.

இலக்கியா


மரக்காணம்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள இலக்கியாவுக்கு,

உன் அண்ணனுக்கு இழுப்பு நின்றுவிட்டது. பாத்திக்குத் தண்ணீர் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். எனக்கும் தினம் வேலை இருக்கிறது.

பக்கத்தைக் காட்டினேன். போன ஞாயிற்றுக்கிழமை சவரியம்மாள் கோயிலுக்குப் போய் வந்த பிறகு அவள் வாசலில் எல்லோரையும் உட்காரவைத்து, உன் கடிதத்தையும் முழுக்கப் படித்தேன். உன் அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் இன்னும் உன்னைப் பற்றிப் பேசவில்லை. பேசுவார்.

சவரியம்மாள் அழுதாள். "நம்ம பொண்ணாச்சே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். சின்னப்பாப்பாதான், "எழுதுனவளே தப்புன்னு எழுதி குடுத்துட்டாளா? அப்ப அது யாரு எழுதுனதவிடவும் பலம்தான். அடுத்தது என்னன்னு கேளு" என்றார்.

எனவே கேட்கிறேன். அடுத்தது என்ன?

அண்ணி


புதுதில்லி
18 மார்ச் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலமா? அண்ணன் பேசவில்லை என்று படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது சரியாக இருக்கிறேன்.

குழு என் குறிப்பை எடுத்துக்கொண்டது. அதற்கு எங்கள் நிறுவனம் ஓர் ஆட்சேபம் எழுதியிருக்கிறது: கணக்கெடுத்தவர் ஆய்வாளரின் அண்ணி, ஆகவே நம்ப முடியாது. முதல் தொண்ணூற்றேழு டிக்கையும் போட்டது அதே அண்ணிதான், அப்போது ஏன் நம்பினீர்கள் என்று பதில் எழுதினேன்.

ஏப்ரல் பதினேழாம் தேதி சென்னையில் விசாரிக்கிறார்கள். நான் வரக் கூடாது என்று நிறுவனம் சொல்லிவிட்டது. உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போவீர்களா?

உங்கள்
இலக்கியா


மரக்காணம்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள இலக்கியாவுக்கு,

போய் வந்தேன். சவரியம்மாளும் சின்னப்பாப்பாவும் துணைக்கு வந்தார்கள். வெயில் கொளுத்துகிறது, உப்பு நன்றாக விளைகிறது, நாங்கள் நலம்.

ஏசி அறை. ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேசைக்குக் கீழே சின்னப்பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். உப்பு அறுத்து அறுத்துக் காய்த்த கை. அதைப் பிடித்த பிறகு எனக்குத் தைரியம் வந்துவிட்டது. தூர்வாரிய கதையை முழுக்கச் சொன்னேன்.

பொருளியல் படித்தவராம், கண்ணாடி போட்ட ஒருவர் கேட்டார்: "ஒருநாள் ஆர்வத்துல வந்திருக்கலாம்மா. தினமும் வருவாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?"

"மழை மாசம் மூணும் தினம் வேலை குடுத்துப் பாருங்க சார். வரலைன்னா எழுதிக்குங்க" என்றேன்.

அவர் விடவில்லை. "சும்மா பணம் வந்தா வேலைக்குப் போற எண்ணம் கொறையாதா?"

"உங்களுக்கு லீவு நாளுக்கும் சம்பளம் வருதுங்களே சார். திங்கக்கிழமை ஆபீசுக்கு வராமலா இருக்கீங்க?"

ஒருவர் சிரித்துவிட்டார். கேட்டவர் சிரிக்கவில்லை, ஆனால் எழுதிக்கொண்டார். தலைமையில் இருந்த அம்மா, "படிவத்துல கேள்விய எப்படி மாத்தலாம்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். என்னிடம், இலக்கியா. என்னிடம் கேட்டார். வேலை கிடைத்தால் வருவீர்களா, வராவிட்டால் எது தடுக்கிறது என்று இரண்டும் சேர்த்துக் கேளுங்கள் என்றேன். இரண்டாவதற்கு ஓரத்தில் இடம் விடுங்கள் என்றும் சொன்னேன்.

உன் அண்ணன் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். "தங்கச்சிக்கு எழுதிட்டியா" என்றார். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

அண்ணி


புதுதில்லி
2 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் நேற்று தானாகவே கூப்பிட்டார். நான்கு நிமிடம் பேசினார், நான் வைக்கவில்லை.

முடிவு வந்துவிட்டது. உப்பளப் பெண்களுக்கு இந்த மழையிலிருந்து உதவி உண்டு. இப்போதைக்கு ஒரு வருடம். பிறகு மறுபடி பார்ப்பார்களாம். அறிக்கையிலிருந்து அந்தச் சொல்லை நீக்கிவிட்டார்கள். ஜூனோடு என் ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கவில்லை. இங்கே ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். சம்பளம் குறைவு, வாடகை வீட்டை மாற்றிவிட்டேன். வருத்தமில்லை. மாணவர்கள் நிறையக் கேள்வி கேட்கிறார்கள். நானும் தெரியாது என்று சொல்லப் பழகிவிட்டேன்.

பொங்கலுக்கு வரலாமா, அண்ணி?

உங்கள்
இலக்கியா


மரக்காணம்
11 அக்டோபர் 2025

அன்புள்ள இலக்கியாவுக்கு,

எல்லோரும் சுகம். மழை நேற்று பிடித்தது, பாத்தியெல்லாம் மூடிவிட்டது.

வரலாமா என்று கேட்கிறாய். நீ செய்தது தப்பு. அதை நீயே திருத்தினாய். இரண்டையும் நான் மறக்க மாட்டேன். வா. எந்த பஸ் என்று உன் அண்ணனுக்குச் சொல், வண்டியோடு வந்து நிற்பார்.

செவ்வாய்க்கிழமை உதவித்தொகைக்குப் பதிவு நடந்தது. நம் தொண்ணூற்றேழு பேரில் எண்பத்தாறு பேருக்குச் சீட்டு கிடைத்தது. சவரியம்மாள் அதைத் தண்ணீர் படாமல் பாலித்தீன் பையில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். ஆனால் பதினோரு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உத்தரவில் அறுபது வயது வரைதான் என்று இருக்கிறதாம். சின்னப்பாப்பாவுக்கு அறுபத்துமூன்று. முந்தாநாள் வரைக்கும் என் பக்கத்தில் நின்று கூடை தூக்கியவர்.

அவர் கோபப்படவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்து என்னைக் கூப்பிட்டு, "அறுவதுக்கு மேல உப்பு தூக்கலாமாம். மழையில பசிக்கக் கூடாதாம். இது எந்தப் பாடத்துல வருதுன்னு உன் நாத்தனார கேட்டு எழுது" என்றார்.

கேட்டுவிட்டேன். பதினோரு பேருக்கும் சேர்த்து நான் படித்துக்காட்ட வேண்டும். சுருக்காமல் எழுது.

அன்புடன்
அண்ணி கொளஞ்சியம்மாள்